ஒட்டுக் காகிதத்தின் நடுவில்

அமெரிக்காவின் மொன்டானாவில் எல்க் மான் வேட்டை சனிக்கிழமை விடியலில் தொடங்கும். முந்தின நாள், துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்க்க வருகிறவர்களால் ஊர்த் துப்பாக்கி மைதானத்தில் நிற்க இடம் இருக்காது. ஆர்லிஸ் ஹௌகன் பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தூரக்கண்ணாடியின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். நூறு கஜத்துக்கு அப்பால் மாட்டியிருக்கும் காகிதத்தில் யாருடைய குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது இருபத்தாறு வருஷமாக அவள் பொறுப்பு.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. பெட்டி பிரித்து வந்த புதுத் துப்பாக்கியானால், கம்பெனிப் பெயரையும் முதல் மூன்று குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதையும் அதில் எழுதுவாள். ஊர் ஆண்கள் வழக்கம் வேறு. நன்றாக விழுந்த ஒரு காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, என் துப்பாக்கிக் கம்பெனியைப் போல உண்டா என்று வருஷக்கணக்காகக் காட்டுவார்கள். மோசமான காகிதமெல்லாம் அடுப்புக்குப் போய்விடும். ஆர்லிஸ் மோசத்தையும் எழுதுவாள். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று ஆண்டவர் சொன்னது துப்பாக்கிக்கும் சேர்த்துத்தான் என்பது அவள் எண்ணம்.

அந்த வருஷம் கோரல் விட்மயர் வந்தாள். அவள் புருஷன் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் துப்பாக்கி அவள் தோளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் கட்டையான, லேசான டன்மோர் ஒன்றை வாங்கியிருந்தாள். மலிவுக் கம்பெனி, பிடி பிளாஸ்டிக். விடிந்தால் அவள்தான் மலையேற வேண்டும். அந்த வீட்டில் பனிக்காலம் முழுக்கச் சாப்பிடுவது அந்த ஒரு மானின் கறிதான்.

ஆர்லிஸின் கொழுந்தன் டெல்மர் அந்தப் பிடியைத் தட்டிப் பார்த்தான். "ஏம்மா கோரல், இதுக்குள்ள தண்ணி ஊத்தினா பூச்செடி வளரும் போலிருக்கே" என்றான். கோரல் மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, நிதானமாக மூன்று முறை சுட்டாள்.

ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். காகிதத்தில் ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது.

"மத்த ரெண்டும் பக்கத்து மாநிலம் ஐடஹோவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும் அண்ணி. லெட்டர் போடும்" என்றான் டெல்மர். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸும் அப்படித்தான் நம்பினாள். 'டன்மோர், ஒன்று காகிதத்தில், இரண்டு தவறியது' என்று எழுதியும் விட்டாள்.

கோரல் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். குண்டு எங்கே போகும் என்று தெரியாமல் ஓர் உயிரின் மேல் சுட மாட்டேன், மலைக்கும் போகப்போவதில்லை என்று மெல்லச் சொன்னாள்.

சுடுவது நின்றதும் ஆர்லிஸ் காகிதத்தை எடுத்துவர நடந்தாள். ஓட்டையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓட்டை வட்டமாக இல்லை. மூன்று இதழ் சேர்ந்த இலை மாதிரி மூன்று வளைவு இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் குண்டு உரசிப் போன சாம்பல் நிறக் கறை. மூன்று குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போயிருக்குமோ? ஆனாலும் காற்றில் கிழிந்திருக்கலாம். சத்தியம் பண்ணும் அளவுக்கு அவளுக்குத் தெரியவில்லை.

காகிதத்தை அங்கேயே விட்டுத் திரும்பி வந்து, கோரலைப் பெட்டியை மூட விடாமல் தடுத்தாள். துப்பாக்கிக் குழல் சூடு ஆறட்டும், காலையில் மலையிலும் ஆறின குழலில்தானே சுடப்போகிறாய் என்றாள். பிறகு போய் அந்த ஓட்டையின் மேல் ஒரு சின்ன வெள்ளை ஒட்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு வந்தாள்.

கோரல் ஒரு குண்டு சுட்டாள். வெள்ளை ஒட்டின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

ஆர்லிஸ் இன்னொன்று ஒட்டினாள். ஆற விட்டார்கள். சுட்டாள். மறுபடி நடுவில். மூன்றாவது ஒட்டுக்கு வரும்போது பக்கத்து மேஜைக்காரர்கள் சுடுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள். அதுவும் நடுவிலேயே துளைத்தது. டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஏன் கழற்றினோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆர்லிஸுக்குக் கண் கலங்கியது. எந்த ஊர்த் தொழிற்சாலையிலோ, சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே யாரோ ஒருவர் இந்தக் குழலைக் கடைந்திருப்பார். தன் கையால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆண்டவர் இப்படியும் வேலை செய்கிறாரே என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'மூன்றும் ஒரே ஓட்டையில்' என்று புதிதாக எழுதினாள்.

"அப்போ டன்மோர் நல்ல கம்பெனிதான்னு சொல்றீங்களா அண்ணி?" டெல்மரின் குரல் இறங்கியிருந்தது.

"கம்பெனியைப் பத்தி எனக்கென்னப்பா தெரியும். இந்த ஒண்ணைத்தான் பார்த்தேன்."

கோரல் இன்னும் துப்பாக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் போகலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"போயிட்டு வா. தப்புனா துப்பாக்கி மேல பழி போட முடியாது, அவ்வளவுதான்" என்றாள் ஆர்லிஸ்.

கோரல் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். காலையில் சட்டப்படி எத்தனை மணியிலிருந்து சுடலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியை எடுத்தாள்.