இனிமே தூக்கலாம்

ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மா வலது விலாவை அடிக்கடி தடவிக்கொண்டார்.

“வலிக்குதாங்க?” என்றேன்.

“இல்லங்க, பழக்கமாயிடுச்சி. ஈரல்ல பெரிய கட்டி. புத்துநோயோன்னு பயந்தோம். சாதாக் கட்டின்னு ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. ஆறுற வரைக்கும் பாரம் தூக்கக்கூடாதுன்னாரு டாக்டரு. அன்னிலேர்ந்து தண்ணி, வெறகு எல்லாம் வூட்டுக்காரருதான். இப்பகூட டாக்டர பாத்துட்டுதான் வரேன்.”

“இன்னிக்கு டாக்டர் என்ன சொன்னார்?”

“நல்லா ஆறிடுச்சி, இனிமே தூக்கலாம்னாரு. அத வூட்ல சொல்றதா இல்ல!” குலுங்கிச் சிரித்தார்.

அவருடைய ஊர் வந்தது. கீழே கணவர் காத்திருந்தார். அம்மாவின் கை சட்டென்று விலாவுக்குப் போனது.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“இன்னும் கொஞ்ச நாளு...”

கணவர் முடிக்கவிடவில்லை. “சரி சரி, நட” என்று, கண்டக்டர் இறக்கிவைத்த அவர்களுடைய அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டவர், ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.