சாக்குக்கு அடியில் கொழுக்கட்டைப் புல்

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை எங்களை நன்றாக ஏமாற்றியது. நெருப்பெரிச்சல் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கிணறு வற்றி, தோட்டம் கைவிட்டுப் போனது. மிச்சம் இருந்தவை கிளுவை வேலி போட்ட ஒரு கொறங்காடும், அதில் மேய ஒரு மயிலைப் பசுவும்தான். கொறங்காடு என்றால் உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம். அதில் கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து கிடக்கும், ஒரு மழை பெய்தால் தூரிலிருந்து எழுந்துவிடும். பசு சினையாக இருந்தது. ஐப்பசிக்குள் புல் எழுந்தால் பசு நம்மிடம் தங்கும், இல்லையென்றால் சந்தைதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோடையில் சலவைப் பட்டறைக்காரர் ஒருவர் வெளுத்த பனியன் துணியைக் காயப்போட இடம் கேட்டு வந்தார். அப்பா சரி என்றார். வெள்ளைத் துணியில் மண் ஒட்டக்கூடாது என்று கோணிச் சாக்குகளைப் பிரித்து, நீளநீளமாகத் தைத்து, புல்லின் மேல் விரித்தார்கள். இடையிடையே ஆள் நடக்கத் தடம் விட்டார்கள். துணியை மாலையில் எடுத்துப் போவார்கள். சாக்கு மட்டும் அப்படியே கிடக்கும்.

அப்பாவுக்கு இதில் பரம திருப்தி. மஞ்சளுக்கு ஈரம் காக்க இலைதழையால் மூடாக்குப் போட்டே பழகிய மனிதர். ஈரத்துணி சொட்டச் சொட்ட, சாக்கு அந்த ஈரத்தைக் காக்கும், வெயில் தூரைச் சுடாது, புல் சொகுசாகப் பிழைத்துக்கொள்ளும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தார்.

எனக்கோ அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சோதனையைக் காட்டியிருந்தார்கள். செடியில் இருந்த ஓர் இலையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வைத்திருந்து, பிறகு அந்த இலையைப் பறித்துப் பச்சை போகும்வரை சாராயத்தில் வேகவைத்து, அயோடின் விட்டார் டீச்சர். வெளிச்சம் பட்ட பாதி கருநீலமானது. மூடியிருந்த பாதி வெறும் பழுப்பாகவே நின்றது. இலை வெளிச்சத்தைக் கொண்டு தண்ணீரையும் காற்றையும் சர்க்கரையாக்குகிறது, செலவு போக மிஞ்சியதை மாவாக்கி வேரிலும் தூரிலும் சேர்த்து வைக்கிறது என்றார். வகுப்பில் எல்லோரும் இலையைப் பார்த்தார்கள், நான் எங்கள் கொறங்காட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"புல்லுக்கு வெயிலுதான் சோறுன்னா, சித்திரையில அது ஏங்கண்ணு காயுது?"

தண்ணீரும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது என்றேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் புல் முளைத்திருந்தது. வெள்ளையாக, நீளமாக, மூலையில் போட்டு மறந்த வெங்காயம் விட்ட முளை மாதிரி. அப்பாவின் முகத்தில் என்ன வெளிச்சம்! எனக்கு அழுகைதான் வந்தது. ஈரம் பட்டதால் எழுந்துவிட்ட புல், தூரில் இருந்த சேமிப்பைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தது. ஈரமே படாமல் கிடந்திருந்தால்கூடத் தூங்கிக் கிடந்து தப்பியிருக்கும். படித்த திமிர் என்று அம்மா என்னைத்தான் வைதாள். கொடுத்த வாக்கை எடுக்க முடியாது, மழை வந்தால் எல்லாம் சரியாகும் என்று அப்பா முடித்துவிட்டார்.

மழை வந்தது. புரட்டாசியில், போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்தது. துணி காயாது என்று பட்டறை ஆட்கள் சாக்குகளைச் சுருட்டி வேலியோரம் போட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் ஊர்க் கொறங்காடெல்லாம் பச்சை. எங்களுடையதில் ஆட்கள் மிதித்து நடந்த தடங்கள் மட்டும் பச்சைக் கோடுகளாக எழுந்தன. சாக்கு கிடந்த இடமெல்லாம் மொட்டை. பசு கோட்டைப் பிடித்து மேய்ந்துகொண்டே போய், கோடு முடிந்த இடத்தில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அப்பா உட்கார்ந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். பொட்டென்று கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, சக்கை. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக என்னிடம் கேட்டார்.

"இப்பத்தான் வெயிலு படுதே சாமி. இனியாவது வராதா?"

"வெயில வாங்கறதுக்கு எலையே இல்லீங்களேப்பா."

அந்த வாரச் சந்தையோடு பசு போனது. வயிற்றில் கன்றோடுதான் போனது. அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பரீட்சையில் அதே கேள்வி வந்தது. எழுதினேன், நல்ல மார்க்கும் வந்தது. என்ன கண்டேன் அதில்?

மழை விட்டதும் பட்டறை ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அப்பாவும் சாக்கு விரித்தார். இந்த முறை தடம் விடவில்லை. மிச்சமிருந்த பச்சைக் கோடுகளின் மேலும் இழுத்து மூடினார். அதையாவது விட்டு வைக்கக்கூடாதா என்று ஓடிப் போய்க் கேட்டேன்.

"திங்கறதுக்கு ஆருமில்லையே கண்ணு" என்றார்.

நான் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.