மாசம் ஒரு கேஸ்

அன்புக்கரசியை அந்தக் குடியிருப்பில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு கட்டிய நாலு மாடிக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த கடைசி வீடு அவளுடையது. ஒயின் ஷாப் திறப்பதற்குப் பகல் பன்னிரண்டு ஆகும். அதுவரை பொறுக்க முடியாமல் கை நடுங்குகிறவர்கள் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். காந்தி ஜெயந்தி, தேர்தல் என்று கடை மூடுகிற நாட்களில் கூட்டம் தெருமுனை வரை நிற்கும். முன்கூட்டியே வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் அடுக்கி வைத்த குவார்ட்டர் பாட்டில்களை அவள் கூடுதல் விலைக்கு விற்றாள்.

புருஷன் ராயபுரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு அவள் பிடித்த தொழில் அது. மேல்மாடிப் பெண்கள் குழாயடியில் அவள் காதுபடவே மண்ணை வாரித் தூற்றினார்கள். அவளும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் இழுத்துத் திட்டிய பிறகுதான் தண்ணீர் பிடிப்பாள்.

போலீசுக்கும் அவளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஏட்டு பொன்ராஜ் வந்து வாசலில் பைக்கை நிறுத்துவார். "இன்னாம்மே, இந்த மாசத்துக்கு ஒரு கேஸ் வேணும். கெளம்பு" என்பார். அவள் சேலையை மாற்றிக்கொண்டு, நாலைந்து பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போவாள். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். "ஒத்துக்கிறேன் சாமி" என்பாள். அபராதம் கட்டிவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வியாபாரம் பழையபடி நடக்கும். ஒப்புக்கொண்டால் அதோடு தீர்ந்தது என்று பொன்ராஜ் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தடவையும் தன் தலையில் ஒரு தண்டனை ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது மாடியில் அவள் தம்பி வல்லரசு இருந்தான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஓட்டினான். அவன் மனைவி ரமாபாய் புளியந்தோப்புப் பெண். மாத்தூர் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை செய்தாள். லாரி நிற்கிற நாளெல்லாம் வல்லரசு அக்கா வீட்டில்தான் கிடப்பான். கேட்கும்போதெல்லாம் அன்புக்கரசி பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

ரமாபாய் பலமுறை கீழே இறங்கி வந்து கேட்டாள். "யாருக்கு வேணா வித்துக்கோங்க அண்ணி. அவருக்கு மட்டும் குடுக்காதீங்க."

"நான் குடுக்கலன்னா வேற எங்கனா வாங்கிக் குடிச்சிட்டு ரோட்ல வுய்ந்து கெடப்பான். இங்க குடிச்சா வூட்டுக்காவது வந்து சேருவான். போ, போய் சோத்த ஆக்கு."

முப்பத்து நாலு வயதில், வயிறு ஊதி, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, பெரியாஸ்பத்திரியில் வல்லரசு செத்தான். பிணத்தைத் தூக்குகிற நேரத்தில், தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அன்புக்கரசியின் கொண்டையைப் பிடித்து ரமாபாய் இழுத்தாள்.

"கொன்னவளே தலமாட்டுல குந்திகினு அழுவறா பாரு! எய்ந்து போடி வெளிய!"

யாரும் தடுக்கவில்லை. அன்புக்கரசி எழுந்து வெளியே போனாள். அந்த வாரத்தோடு அவள் விற்பதை விட்டுவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இல்லை. கதவைத் தட்டியவர்களைத் துடைப்பத்தோடு விரட்டினாள். விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெடித்தன.

அடுத்த மாதம் பொன்ராஜ் வந்தார்.

"விக்கறத வுட்டுட்டேன்" என்றாள்.

"விக்கறியா வுட்டியான்னு எவன் கேட்டான்? எனுக்கு கேஸ் வேணும். பாட்டிலு கூட நாங்களே கொண்ணாரோம். நீ வந்து ஒத்துக்கினு போ."

"விக்காததுக்கு நான் இன்னாத்துக்கு ஒத்துக்கணும்? உங்கூட்டுப் பொம்பளைய இட்டுனு போயி ஒத்துக்கச் சொல்லு."

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்காக இல்லை, ஏட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதற்காக. பொன்ராஜ் பைக்கை உதைத்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் வந்தது. பின்னாலேயே ஓர் ஆட்டோ. ரமாபாய் மூன்றாவது மாடி நடைபாதையில் துணி பிழிந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து ஒரு போலீஸ்காரர் சாக்கு மூட்டையைத் தூக்கி, அன்புக்கரசியின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததையும், அதே மூட்டையை இன்னொருவர் வெளியே இழுத்து வந்ததையும் பார்த்தாள். உள்ளே பாட்டில்கள் உரசிக்கொள்ளும் சத்தம் மேலே வரை கேட்டது.

அன்புக்கரசி மாடிகளைப் பார்த்துக் கத்தினாள். "பாத்தீங்கல்ல? ஆட்டோலேர்ந்துதான எறக்குனானுங்கோ? யாராவது ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் ரமாபாயிடம் வந்து நின்றது. ரமாபாய் கையிலிருந்த சேலையை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். புருஷன் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு ருசித்தது.

அன்புக்கரசியைப் புழல் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கேட்பதற்குள் இன்னோர் உத்தரவு வந்தது. குண்டர் சட்டம். சட்டப்படி நெருங்கிய உறவு யாருக்காவது தகவல் கொடுக்க வேண்டும். யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, வேறு பெயர் இல்லாததால் அவள் ரமாபாய் பெயரைச் சொல்லியிருந்தாள்.

"நான் யாரு அவளுக்கு? என் பேர இன்னாத்துக்கு இதுல இழுக்கிறா?" என்று தகவல் கொண்டுவந்த போலீஸ்காரர் முன்னாலேயே ரமாபாய் கத்தினாள். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று குழாயடியில் எல்லாரும் வக்கீல் ஆனார்கள். குண்டாஸ் என்றால் ஒரு வருஷம் என்றாள் ஒருத்தி. இல்லை, மூன்று வருஷம், தன் மச்சானுக்கு அப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. பொம்பளைகளைக் குண்டாஸில் போட முடியாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். போட்டுவிட்டார்களே என்றதும் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். எல்லாருமே சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டார்கள். ரமாபாயும் நின்று கேட்டாள்.

பொன்ராஜ் ஒரு தப்பு செய்தார். வேலை முடிந்து வந்த ரமாபாயைப் படிக்கட்டில் மடக்கினார்.

"கீழ் வூட்டு ஆளு உள்ள பூட்டா. இங்கேர்ந்து மாசம் ஒரு கேஸ் வந்துகினு இருந்துது. இனிமே நீ குடு. நீதான அவளுக்குச் சொந்தம்?"

ரமாபாய்க்கு முதலில் புரியவில்லை. "நான் குடோனுக்கு வேலைக்குப் போறவ சார். நான் இன்னா வித்தேன்?"

"விக்க வேணாம். வந்து ஒத்துக்கினா போதும். ஃபைன நாங்க பாத்துக்கிறோம். ஒரு நாள் வேல. இன்னா மொறைக்கிற? அவளுக்கு ஆன கதி தெரியுமில்ல?"

மறுநாள் ரமாபாய் வேலைக்குப் போகவில்லை. பாரிமுனைக்குப் பஸ் ஏறினாள். குடோனில் கூட வேலை செய்யும் ஷரீஃபுன்னிசா, தன் தம்பி கேஸைப் பார்த்த லோகநாதன் என்கிற வக்கீலின் இடத்தைச் சொல்லியிருந்தாள். லோகநாதன் பொறுமையான ஆள் இல்லை. அவளை உட்கார வைத்துவிட்டுப் பாதி நேரம் போனில் பேசினார். கேள்விகளுக்கு மட்டும் நேராகப் பதில் சொன்னார்.

"ஜாமீன் கெடைக்குமா சார்?"

"சரக்கு கேஸ்ல கிடைக்கும். குண்டாஸ்ல ஜாமீன்னு ஒண்ணு கிடையாது. ஏன்னா அது தண்டனையே இல்லம்மா. நாளைக்கு வெளிய வந்தா மறுபடி தப்பு பண்ணுவாங்கன்னு முன்னாடியே பிடிச்சு வைக்கிறது. ஒரு வருஷம் வரைக்கும் வைக்கலாம்."

"நாளைக்குப் பண்ணப் போறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பழச வச்சுதான். எத்தனை தடவை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டியிருக்காங்க உங்க நாத்தனார்? அத்தனையும் உத்தரவுல வரிசையா போட்டிருக்கான். கோர்ட்டுக்குப் போய் ஒத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க. அங்கதான் ஆரம்பம்."

ரமாபாய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நான் ஒரு தபா ஒத்துக்கினா?"

"நீங்க எதுக்கு ஒத்துக்கணும்?" என்றார் லோகநாதன். அவள் பொன்ராஜைப் பற்றியும், மாடியிலிருந்து பார்த்த மூட்டையைப் பற்றியும் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் போனைத் தொடவில்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. அதை அவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, அறிவுரைக் கழகம் என்று ஒன்று கைதியைக் கூப்பிட்டு விசாரிக்கும். அங்கே வக்கீல் போக முடியாது. சொந்தக்காரரோ தெரிந்தவரோ ஒருவர் கூட நின்று பேசலாம்.

"மூட்டைய எறக்குனத பாத்தது நீங்கதானே? நீங்க நில்லுங்க."

"எனக்கு அந்தம்மாவப் புடிக்காது சார்."

"பிடிக்கணும்னு சட்டத்துல இல்ல."

அவள் புழலில் மனு போட்டு அன்புக்கரசியைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவள் இளைத்திருந்தாள். வாய் இளைக்கவில்லை.

"இன்னா, நல்லா மாட்டிகினாளான்னு பாக்க வந்தியா?"

"ஆமா. பாத்துட்டேன். கேளு, உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காத."

"நான் கேக்கவே இல்லியே."

"உன்னால என் வூட்டாண்ட போலீசு வந்து நிக்கிது. அதுக்குத்தான் வரேன். நீ உள்ள கெடந்தா எனுக்கு நல்லதுதான். ஆனா உன் எடத்துல என்னக் குந்த வைக்கப் பாக்கறாங்க."

அன்புக்கரசி வெடித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "பொன்ராஜா?" என்றாள். ரமாபாய் தலையசைத்தாள். "ஒத்துக்காத. அவன் இன்னா சொன்னாலும் ஒத்துக்காத" என்றாள் அன்புக்கரசி. நேரம் முடிந்தது என்று வார்டன் கூப்பிட்டார்.

அறிவுரைக் கழகத்தில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரமாபாய் அன்புக்கரசியின் பக்கத்தில் போய் நின்று பேசினாள்.

"இவங்க குடுத்துதான் என் புருஷன் குடிச்சுச் செத்தாரு. இவங்க ஜெயில்ல கெடக்கணும்னு மொதல்ல ஆசப்பட்டது நான்தான் ஐயா. ஆனா அவர் செத்ததுக்கு அப்பால இவங்க விக்கல. கதவத் தட்டுனவங்கள தொடப்பத்தால அடிச்சாங்க. அந்த மூட்டைய ஆட்டோல கொண்ணாந்து உள்ள வச்சது போலீசு. நான் மாடிலேர்ந்து பாத்தேன்."

நடுவில் இருந்தவர் கேட்டார். "அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சந்தோஷமா இருந்துச்சு. அதான் சொல்லல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். போகலாம் என்றார்கள். சில நாட்களில், காவலில் வைத்தது சரிதான் என்று உத்தரவு வந்தது.

ரமாபாய் லோகநாதனிடம் போய்ச் சண்டை போட்டாள். எல்லார் முன்னாலும் தன் அசிங்கத்தைச் சொல்லிவிட்டு வந்தது இதற்குத்தானா என்று கேட்டாள். "ஹைகோர்ட் இருக்கு, பொறுங்க" என்றார் அவர். மாதங்கள் போயின. பொன்ராஜ் மட்டும் அவள் பக்கம் வரவில்லை. அறிவுரைக் கழகத்தில் அவள் பேசியது அவர் காதுக்குப் போயிருந்தது. பதிலுக்கு, போலீசைக் காட்டிக்கொடுத்தவள் என்று குடியிருப்பில் பேச்சு கிளம்பியது. அவளால் இனி ரெய்டு வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசியில் ஹைகோர்ட் அன்புக்கரசியை விடுவித்தது. லோகநாதன் போன் செய்து சொன்னார்.

"மூட்டையப் பத்திக் கேட்டாங்களா?" என்றாள் ரமாபாய்.

"இல்ல. அதுக்குள்ளயே போகல. உங்க நாத்தனார் ஜெயில்லேர்ந்து அரசாங்கத்துக்கு அனுப்பின முறையீட்டுக்கு, மேல ஒரு ஆபீஸ்ல காரணமில்லாம தாமதமா பதில் போட்டிருக்கான். அந்த ஒரு பாயின்ட்ல உத்தரவு ரத்து."

"நான் சொன்னது?"

"அது சரக்கு கேஸ்ல உதவும். அதுல ஜாமீன் வாங்கியாச்சு, கேஸ் தனியா நடக்கும். அதுல சாட்சிக்கு வாங்க."

ரமாபாய் போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்கு ஒன்றும் நடக்கவில்லை, எவனோ தூங்கினதற்கு வெளியே வந்துவிட்டாள் என்று ஷரீஃபுன்னிசாவிடம் சொல்லி எரிந்து விழுந்தாள்.

ஆனாலும் அவள் சாட்சிக்குப் போனாள். எழும்பூர் கோர்ட்டில் அன்புக்கரசியிடம் வழக்கம்போல ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, இல்லை என்றாள். விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. மூட்டை எங்கே எடுக்கப்பட்டது என்பதில் போலீஸ் சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சமையலறை என்றார் ஒருவர். கட்டிலுக்கு அடியில் என்றார் இன்னொருவர். அந்த வீட்டில் கட்டிலே கிடையாது. ரமாபாய் பார்த்ததைச் சொன்னாள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அன்புக்கரசியை விடுதலை செய்தார்கள். பொன்ராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலானார், அவ்வளவுதான்.

அதற்குள் ரமாபாய் வியாசர்பாடியை விட்டு, வேலைக்குப் பக்கமாக மாத்தூருக்கே குடிபோயிருந்தாள். வல்லரசின் நினைவு நாளன்று படத்துக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. அன்புக்கரசி நின்றாள். கையில் கொஞ்சம் பூ. உடம்பெல்லாம் இறால் வாடை. முகவரியை யார் சொன்னார்கள் என்று ரமாபாய் கேட்கவில்லை.

"உள்ள வரட்டா?"

ரமாபாய் கதவிலிருந்து ஒதுங்கினாள்.

"பாத்துட்டுப் போ. குந்தாத."

அன்புக்கரசி உட்காரவில்லை. பூவைப் படத்தின் கீழே வைத்துவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. பிறகு படியிறங்கிப் போனாள். ரமாபாய் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பூவை எடுத்து எறிந்துவிடத்தான் கை போனது. என்ன நினைத்தாளோ, அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.