ராஜலக்ஷ்மி வைத்த பேய்ப் பார்ட்டி

காப்பெல் என்கிற அமெரிக்க ஊரில் ராஜலக்ஷ்மிக்குத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. அவள் நாக்குக்குத் தப்பிய வீடும் கிடையாது. யார் வீட்டுச் சாம்பார் கடையிலிருந்து வந்தது, யார் மகள் பரதநாட்டிய வகுப்பில் மூன்று வருஷமாக ஒரே அடவில் நிற்கிறாள், யார் ஈஎம்ஐயில் டெஸ்லா ஓட்டிக்கொண்டு வீட்டில் ஏசியை அணைத்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் மேனேஜர். நாள் முழுக்க அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு மேல் அதே வேலையை அவள் இலவசமாகச் செய்துவந்தாள்.

போன வருஷம் ஹாலோவீனுக்கு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் விஷாகா வீட்டில் பெரிய பார்ட்டி. வாசலில் பன்னிரண்டு அடி எலும்புக்கூடு, புகை கக்கும் மெஷின், மெக்ஸிகன் ரொட்டி மடித்துத் தரும் டாக்கோ வண்டி, பிள்ளைகள் முகத்தில் சாயம் பூச ஓர் ஆள். விஷாகாவின் கணவன் அச்சுதனுக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. அதுவும் ராஜலக்ஷ்மியின் கணவன் ஜம்புநாதன் தன் கம்பெனியிலேயே சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை. அந்தச் சந்தோஷத்தில்தான் அத்தனை செலவு என்று எல்லாருக்கும் தெரியும். தனக்குப் பொறாமை இல்லை, வீண் செலவைக் கண்டால்தான் ஆகாது என்று ராஜலக்ஷ்மி சொல்லிக்கொள்வாள். வயிறு எரிந்தது என்னவோ உண்மை.

பெரியவர்களுக்கு வேஷப் போட்டி வைத்தார்கள். அச்சுதன் கறுப்பு அங்கியும் பொய்ப் பல்லுமாக ரத்தக் காட்டேரி வேஷத்தில் வந்து நின்றான். ராஜலக்ஷ்மி கையில் அவன் வாங்கிக்கொடுத்த டாக்கோவை வைத்துக்கொண்டே, முப்பது பேர் காதில் விழும்படி சொன்னாள்.

"அச்சுதனுக்கு எதுக்கு வேஷம்? வேலை போய் ஆறு மாசம் வீட்ல பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாரே, அப்படியே வந்து நின்னிருந்தா ஃபர்ஸ்ட் ப்ரைஸ்!"

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தட்டைப் பார்த்தார்கள். அச்சுதனும் சிரித்தான். பிறகு பொய்ப் பல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவன், பார்ட்டி முடியும்வரை வெளியே வரவில்லை.

"விடேன் ராஜி, பாவம்" என்றான் பக்கத்தில் நின்ற ஜம்புநாதன்.

"என்ன பாவம்? உள்ளதைத்தானே சொன்னேன்."

உள்ளதைச் சொன்னவளை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. காப்பெல் தமிழர்கள் சண்டை போடமாட்டார்கள். கடையில் பார்த்தால் "எப்படி இருக்கீங்க அக்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, கூப்பிட வேண்டிய இடத்தில் பெயரை விட்டுவிடுவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பொங்கல் பாட்லக் நடந்தது, போட்டோவில் பார்த்தாள். கொலுவுக்கு ஐம்பது பேருக்குச் சுண்டல் ஊறவைத்தாள். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, வாங்கிப் போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். சுண்டலை ஒரு வாரம் வைத்துத் தின்றார்கள்.

இதெல்லாம் அவளைப் பெரிதாக அசைக்கவில்லை. அசைத்தது மகள் மானஸா. ஆறாம் வகுப்பு. விஷாகாவின் மகள் ரக்ஷாவும் இவளும் டேகேரிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். இந்தச் செப்டம்பரில் ரக்ஷாவின் பிறந்தநாளுக்குப் பதினான்கு பெண்கள் போனார்கள், மானஸா போகவில்லை. ஒருநாள் காரில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ரக்ஷா ஸெட், இட்ஸ் நாட் மீ. இட்ஸ் யூ, அம்மா."

வழியில் ஒரு வீட்டையும் குறை சொல்லாமல் ராஜலக்ஷ்மி கார் ஓட்டினாள். அவளுக்கே அது புதிது. வீட்டுக்குள் நுழையும்போது முடிவு செய்துவிட்டாள். இந்த ஹாலோவீனுக்குத் தன் வீடு நிறைய வேண்டும், ரக்ஷா வந்தாக வேண்டும். விஷாகா வீட்டுக் கதவைத் தட்டி "தப்பா பேசிட்டேன்" என்றால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். அதற்கு இவள் பார்ட்டி வைப்பதென்று கிளம்பினாள்.

அதுவும் எப்படிப்பட்ட பார்ட்டி! விஷாகா மாதிரி காசைக் கரியாக்காமல், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஐம்பது டாலருக்குள் எப்படி நடத்துவதென்று ஊருக்கே காட்டும் பார்ட்டி. சமாதானம் பேசப் போகும் இடத்திலும் ஒரு குத்து குத்தாமல் போகத் தெரியாத ஜன்மம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், யோசனைகளுக்குக் குறைவில்லை. இந்த மாதம்தான் மேலே ஏற்றிய கொலுப்படிகளை மறுபடி இறக்கினாள். கறுப்புக் குப்பைப் பையால் மூடியதும் கராஜில் மயானப் படிக்கட்டு தயார். ஜம்புநாதனின் நைந்த வேட்டிகள் நாலு, பேய்கள் ஆயின. பூசணிக்காய் ஒன்றே ஒன்று. அதில் முகத்தை வெட்டச் சொன்னால், ஊரில் புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தொங்குமே, அதே முகத்தை மீசையோடு வெட்டி வைத்தான் ஜம்புநாதன். உள்ளே தோண்டியெடுத்தது அன்றைக்கே கூட்டு ஆகிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு கை விடும் பெட்டியில் டின் லிச்சிப் பழம் கண்முழியாக, எண்ணெய் தடவிய சேவை குடலாக. முறுக்கைச் சுற்றாமல் நீளமாகப் பிழிந்து நுனியில் ஒரு பாதாமைப் பதித்தால் சூனியக்காரி விரல். பீட்ரூட் ரசம் ரத்தம். மிட்டாய், போன ஹாலோவீனுக்கு மறுநாள் பாதி விலைக்கு வாங்கி ஒரு வருஷம் ஃப்ரீஸரில் கிடந்தது. பெரியவர்களுக்கு, அவரவர் ஊரில் கேட்ட பேய்க்கதையை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அதற்குச் செலவே கிடையாது.

ஜம்புநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "சிம்பிளா பண்றதுதான் நல்லது ராஜி" என்று அவனே இரண்டு முறை சொன்னான். இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தன் சிக்கனத்துக்கு மரியாதை கிடைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் அழைப்பு போட்டாள். அங்கே எல்லாரையும் போல அவளும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். 'வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்க வீட்ல பேய் பார்ட்டி' என்று தட்டினாள். அந்தப் பேய்க்கு அவள் போட்ட எழுத்துகள் பி, ஏ, ஒய். உலகமே அப்படித்தான் தட்டுகிறது. 'குடும்பத்தோட வாங்க. லோ பட்ஜெட்தான். உங்களால முடிஞ்சது போதும்' என்றும் சேர்த்தாள். கடைசி வரி வேஷத்தைப் பற்றியது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய் வேஷம் கட்டப் பாதிப் பெண்கள் தயங்குவார்கள், கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு வந்தாலும் போதும் என்ற பெருந்தன்மை.

ஒரு மணி நேரம் குழுவில் ஈ காக்கை இல்லை. பிறகு கும்பிட்ட கை ஒன்று வந்தது. இன்னொரு கும்பிட்ட கை. ஓர் இதயம். கயல் என்கிறவள் 'ஸ்ட்ராங்கா இருங்க அக்கா' என்று போட்டாள். கடைசியில் விஷாகாவே போட்டாள்: 'நாங்க கண்டிப்பா வர்றோம் அக்கா. எதுக்கும் தயங்காதீங்க.'

"பார்ட்டிக்குக் கூப்பிட்டா எழவு விசாரிக்கற மாதிரி பதில் போடுதுங்க பாருங்க" என்று ராஜலக்ஷ்மி கணவனிடம் போனை நீட்டினாள். "ஸ்ட்ராங்கா இருக்கணுமாம்! நான் என்ன டிகிரி காபியா?"

ஜம்புநாதன் ஒருமுறை படித்தான். மறுமுறையும் படித்தான். "நல்லவங்கதான்" என்று சொல்லி போனைக் கொடுத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவன் வீட்டில் இருந்தான். லீவு போட்டுவிட்டேன் என்றான். பஞ்சைப் பிரித்துச் சிலந்திவலை கட்டினான். நாலு மணிக்குத் தலையோடு ஒரு வேட்டியைப் போர்த்திக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு, கராஜ் வாசலில் பேயாக நின்றான். மானஸா சூனியக்காரி. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பிள்ளைகள் வேஷத்தில் வந்தன, பெரியவர்கள் ஏனோ சாதாரண உடுப்பில் வந்தார்கள். ஆளுக்கொரு ஃபாயில் ட்ரே: வெஜிடபிள் பிரியாணி, புளியோதரை, சப்பாத்தி, ஒரு வாரத்துக்குக் காணும் அளவுக்கு. வந்தவள் ஒவ்வொருத்தியும் ராஜலக்ஷ்மியைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினாள். குரலை உயர்த்தி யாரும் பேசவில்லை. ரக்ஷா வௌவாலாக வந்து இறங்கினாள். மானஸா ஓடிப்போய் அவள் இறக்கையைப் பிடித்தாள். அடுத்த நிமிஷம் இருவரும் லிச்சிப் பெட்டிக்குள் கையை விட்டுக் கராஜ் கூரை பறக்கக் கத்தினார்கள்.

ராஜலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, பிரியாணியில் உப்புக் குறைவு என்று சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. ஒரு வருஷமாக மகள் சிரித்து இப்படிக் கேட்டதில்லை.

அப்போதுதான் கயல் ஒரு கவரை அவள் கையில் அழுத்தினாள். ஏதோ கல்யாணத்தில் மிஞ்சிய, முனையில் மஞ்சள் தடவிய மொய்க் கவர். பின்னாலேயே இன்னொருத்தி ஒன்று. மூன்றாவது விஷாகா கொடுத்தது, கனமாக இருந்தது.

"என்னடி இது, நான் என்ன காதுகுத்தா வெச்சிருக்கேன்?"

"அக்கா, ப்ளீஸ், வாங்கிக்கோங்க" என்றாள் விஷாகா. "பே பார்ட்டின்னு நீங்களே ஓபனா போட்டிருந்தீங்களே. முடிஞ்சது போதும்னு. அப்படிக் கேக்கறதுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா."

அந்த பி, ஏ, ஒய்யை ஆங்கிலமாகப் படித்துக் காசு கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று ராஜலக்ஷ்மிக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படி ஒன்று வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும்.

"அடிப் பாவிங்களா! பே இல்லடி, பேய்! பேய்! மாஸ்டர்ஸ் படிச்சிட்டு வந்த கூட்டத்துல ஒருத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியல பாரு! டிக்கெட் போட்டு வசூல் பண்ணுவேன்னா நெனச்சீங்க? ரெண்டு சம்பளம் வர்ற வீடு இது. எங்களுக்கு எதுக்கு உங்க மொய்?"

சுற்றிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. கயல் தரையைப் பார்த்தாள். விஷாகா அச்சுதனைப் பார்த்தாள். அச்சுதன், கராஜ் வாசலில் நின்ற வேட்டிப் பேயைப் பார்த்தான்.

"அக்கா" என்றாள் விஷாகா மெதுவாக. "ஜம்பு சாரோட டீமையே வேலையை விட்டு எடுத்துட்டாங்களே. இவர் வந்து சொன்னாரு. நாலு வாரம் ஆச்சு. உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க எல்லாரும்..."

நாலு வாரம். ஊரே துக்கம் விசாரிக்க வந்திருக்கிறது, வீட்டுக்காரிக்கு மட்டும் சேதி தெரியாது. எல்லார் வீட்டு ஓட்டையும் தெரிந்த ராஜலக்ஷ்மியிடம் இதைச் சொல்ல அவள் புருஷனுக்கே தைரியம் வரவில்லை.

அவள் கவர்களைக் கையில் பிடித்தபடியே பேயிடம் போனாள்.

"நெஜமா?"

வேட்டி அசைந்தது. "ஆமாம் ராஜி."

"தெனமும் பையைத் தூக்கிக்கிட்டு எங்க போனீங்க?"

"லைப்ரரிக்கு. அப்ளை பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு இன்டர்வியூ முடிஞ்சிருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஓட்டைகளுக்குள் அவன் கண்கள் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தன. அங்கே அச்சுதன் நின்றிருந்தான். முப்பது பேர் நின்றிருந்தார்கள். அத்தனை முகத்திலும் ஒரே கலவரம், ஊசி போடப் போகும் நர்ஸைப் பார்ப்பது மாதிரி. மானஸா ரக்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் அருகில் நின்றாள். அவளும் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போய்ப் பேசலாம் ராஜி" என்றான் ஜம்புநாதன், வேட்டிக்குள்ளிருந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நீ என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன். எல்லார் முன்னாடியும் மட்டும் வேணாம். கொழந்தை நிக்கறா."

ராஜலக்ஷ்மிக்கு அவனைத் திட்டவே தோன்றவில்லை. வேட்டியை விலக்கி அவன் முகத்தை ஒருமுறை பார்க்கத்தான் கையை நீட்டினாள். ஜம்புநாதன் ஓரடி பின்னால் போனான்.