பங்குச்சபையில் கேட்ட சிரிப்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிற பிள்ளை அவள். பத்தொன்பது வயது. சின்னதில் என்னிடம் மறைக்கல்வி படித்தவள். முகத்துவாரம் கடற்கரையில் தன் காதலியின் தோளில் தலை சாய்த்திருந்ததை யாரோ ஒளித்து நின்று படமெடுத்து, இளைஞர் ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாக வாந்தியெடுக்கிற மஞ்சள் முகங்கள். பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ். அவள் வாசிக்கிற மாதிரியே குரலை இழுத்து, கெட்ட வார்த்தைகள்.

அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். "சாப்பிடுறாளில்லை டீச்சர். பஸ் ஹோல்ட்டில நிக்கேலாம இருக்காம், அந்த வொய்ஸைப் போட்டுக் காட்டுறாங்களாம்," என்று தாய் அழுதார்.

விஷயத்தைக் கோயிலை நடத்துகிற பங்குச்சபையின் கூட்டத்தில் எடுத்தேன். என்ன நடந்ததென்று நினைக்கிறீர்கள்? செயலாளர் தன் ஃபோனில் அந்த வொய்ஸைப் போட்டார். தேநீரோடு வந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டே எல்லாரும் கேட்டார்கள். நற்கருணை கொடுக்க உதவுகிற பெரிய மனுசர் ஒருவர் புரையேறும்வரை சிரித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம்தான். ஆனா அவளைப் பீடத்தில ஏத்தேலாது." அந்தக் கையால்தான் ஞாயிறுகளில் எனக்கு நற்கருணை அப்பம் தந்துகொண்டிருந்தார்.

"படம் போட்டது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே?" என்றேன்.

"பொடியன் விளையாட்டுக்குச் செய்தது டீச்சர்," என்றார் செயலாளர். அவருடைய மகன்தான். அங்கே எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

மேசைத் தலைப்பில் இருந்த எங்கள் பங்கு ஃபாதர் எழும்பினார். புதிதாக வந்தவர், சின்ன வயது. "அந்தப் பிள்ளைதான் ஞாயிறு வாசிப்பா. உங்கட மகன் அவவின்ர வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கவேணும். இங்க சிரிச்ச ஒருத்தரும் இனி நற்கருணை குடுக்கத் தேவையில்லை."

"நாங்கள் பிஷப்பிட்டப் போவம்," என்றார் செயலாளர்.

"போங்கோ. நானும் வாறன்."

அன்று பின்னேரமே ஃபாதரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்: "திரும்பவும் படமெடுத்தாங்கள் எண்டா?"

"முன் வாங்கில நாங்கள் இருப்பம்," என்றேன்.

ஞாயிறன்று, பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் முன்வாங்கில் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் வரியில் அவளுக்குக் குரல் நடுங்கியது, பிறகு தெளிந்துவிட்டது. பூசை முடிய, இன்னொரு வீட்டுப் பொடியன் என்னிடம் வந்து, "டீச்சர், நானும் அவவைப் போலத்தான். உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?" என்றான். இப்போது அப்படி நாலைந்து பிள்ளைகள், தாய்மாரோடு, கோயில் மண்டபத்தில் கூடுகிறார்கள். ஃபாதரும் வந்து இருப்பார்.

செயலாளரின் மகன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்கள் வேறு கோயிலுக்குப் போகிறார்களாம். புரையேறச் சிரித்தவர் மட்டும் எங்கள் கோயிலுக்கே வருகிறார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது புன்னகையோடு கை நீட்டுகிறார். என்னால் அந்தக் கையைத் தொட முடியவில்லை.