மகனுக்காக நான் நிரப்பிய படிவம்

என் மகனும் மருமகளும் ஒரு செக்ஸ் கோச்சிடம் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவன் நான். இதைக் காதோடு காதாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் இருவரும் எழுதச் சொன்ன அளவுக்கு எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியும் அவர்களுக்குள் உடலுறவு நடக்கவே இல்லை. கிடாவெட்டு, காதுகுத்து என்று எங்கே போனாலும் மருமகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்றார்கள். பையனுக்குத்தான் குறை என்ற பேச்சு, அவள் பிறந்த வீடு இருக்கும் கொடுமுடி வரைக்கும் போய்விட்டது.

அப்போது நான் செய்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஊர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் மகனைக் கூட்டிப்போனேன். அந்த ஆள் நாடிகூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "சின்ன வயசுக் கெட்ட பழக்கம். நரம்பெல்லாம் செத்துப்போச்சு" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டு, நான்கு பொடி டப்பாக்களைத் தள்ளினார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் முப்பது வயதுப் பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் தோளில் கை வைக்க எனக்குத் தெரியவில்லை.

கோச்சைக் கண்டுபிடித்தது மருமகள். "மாமா, இது பொடி, லேகியம் இல்லீங்க. பேசிப் பழகறதுங்க" என்றாள். மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. மகன் அன்று திருப்பூரில் வேலையில் இருந்ததால் என்னை அச்செடுத்து வைக்கச் சொன்னான். நான் அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை அவனுடைய எல்லாப் படிவங்களையும் நிரப்பிய கை இது. பெயர், வயது, ரத்த வகை என்று நீல மையில் எழுதிக்கொண்டே போனேன். ஒன்பதாவது கேள்வி: 'உங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் அன்பாகத் தொட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா?' 'பொருந்தாது' என்று எழுதினேன்.

எங்கள் ஊரிலேயே ராமநாதபுரம் பகுதியில் ஒரு மாடி அறை. உள்ளே என்னென்ன இருக்குமோ என்று பயந்துகொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். நாலு பிரம்பு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு டிஷ்யூ பெட்டி. அவ்வளவுதான். கோச் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா.

"இத யாருங்க எழுதுனது?"

"நானுங்க."

"பொருந்தாதுன்னா?"

"எங்க ஊட்ல அப்படியெல்லாம் வழக்கமில்லீங்க."

மகன் தலை நிமிராமல் சொன்னான்: "அம்மா காபி டம்ளரக்கூட டேபிள் மேலதாங்க வெப்பாங்க. அப்பா எடுத்துக்குவாரு. கைக்குக் கை குடுத்து நான் பார்த்ததே இல்லீங்க."

கோச் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மகனுக்குப் புதுப் படிவம் கொடுத்தார். பழையதை என்னிடம் நீட்டினார். "இது உங்களுதுங்க. வெச்சுக்குங்க."

பிறகு பொதுவாகச் சொன்னார்: "இங்க யாரும் யாரையும் தொட மாட்டோமுங்க. துணி கழட்டற வேலையே இல்ல. மொதல்ல ரெண்டு பேரும் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துருங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு எந்த முயற்சியும் பண்ணவே கூடாது. தினம் பத்து நிமிசம் கையப் புடிச்சுட்டு உக்காருங்க. ஒருத்தர் போதும்னா, இன்னொருத்தர் அந்த நிமிசமே விட்டுரோணும்."

முயற்சி பண்ணவே கூடாது என்றதும் மருமகள் சிரித்துவிட்டாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. எழுந்து வெளியே வந்தேன்.

மூன்றாவது வாரம் மருமகளின் அப்பாவும் பெரியப்பாவும் அவளைக் கூட்டிப்போக வந்தார்கள். பெரியப்பா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"பையனுக்குக் குறையில்லைன்னு டாக்டர் சீட்டக் காட்டுங்க. இல்லீன்னா எங்க புள்ளய அனுப்பிப்போடுங்க."

"டாக்டர் பார்த்தாச்சுங்க. சீட்டு காட்ட மாட்டேன். பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு எம் பையன் சந்தைக்கு வந்த மாடு இல்லீங்க. ரெண்டு பேரும் ஒரு கோச்கிட்டப் போயிட்டிருக்காங்க."

"கோச்சா? படுக்கறதுக்கும் டியூசனா சம்பந்தி?"

"ஆமாங்க, டியூசன்தான். பிளஸ் டூ கணக்குக்கு வெச்சப்ப ஒருத்தரும் சிரிக்கலீங்களே."

சமையலறை வாசலிலிருந்து மருமகள் சொன்னாள்: "நான் வரலீங்க பெரியப்பா. எங்களுக்கு வீட்டுப்பாடம் இருக்குதுங்க."

அவள் அப்பா மட்டும் தரையைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

மனைவி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். என் டம்ளரை மட்டும் வழக்கம்போல டேபிளில் வைக்கப் போனாள். நான் எழுந்து, அவள் கையிலிருந்தே வாங்கினேன். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, என்னங்க இது? ஆளுங்க இருக்கறாங்க."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் நின்றாள். "போதுமுங்க" என்றாள். அந்த நிமிடமே விட்டேன்.

கொடுமுடிக் கார் மருமகள் இல்லாமல்தான் திரும்பியது. அவர்கள் அறைக்குள் என்ன நடக்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. விசேஷமா என்று கேட்கிறவர்களிடம், "அது உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்கிறேன். குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.