இரண்டு மணி ஷிப்ட்டும் என் சக்கரக் காலணியும்

நான் இப்போது வசிக்கும் கிழக்கு ஜெர்மனி ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். தோண்டி முடித்ததும் தண்ணீரை விட்டு நிரப்பி, சுற்றிலும் வழவழவென்று தார்ப்பாதை போட்டுவிட்டார்கள். காலையில் சன்னலைத் திறந்தால், எழுபது வயதுக்காரர்கள் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி, ஏதோ வங்கிக்குப் போகிற நிதானத்தில் வழுக்கிக்கொண்டு போவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பிடிபடவே இல்லை. நான் நெய்வேலிக்காரி. சுரங்கம் என்றால் ஷிப்ட், தூசி, சாப்பாட்டுக் கேரியர், அப்பா வீட்டுக்கு வந்து சேரும்வரை அம்மாவின் முகத்தில் இருக்கும் கவலை. சுரங்கத்தைச் சுற்றி ஒருவர் விளையாடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்த விளையாட்டுக்கு நானே போய்ச் சேர்ந்தேன். நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். கீழே விழுந்து இடுப்பு முறிந்து வருகிறவர்களைத்தான் தினமும் தூக்கி உட்கார வைக்கிறேன். போன வருடம் பனிக்கட்டியில் ஒருமுறை நானும் சறுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் இரண்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பயம் எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை போய் ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த இன்லைனர் காலணி ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். பெர்லினில் படிக்கும் என் மகள் தொலைபேசியில் ஐந்து நிமிடம் விடாமல் திட்டினாள்.

பாதையில் பழக்கமான ஹோர்ஸ்ட் என்பவர்தான் நிற்கக் கற்றுக் கொடுத்தார். அந்தச் சுரங்கத்திலேயே வேலை செய்து, அது மூடப்பட்டபோது வேலை இழந்தவர். காலணியின் குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதை அழுத்தினால் வேகம் குறையும். அது கைகொடுக்கவில்லை என்றால் பக்கத்துப் புல்லுக்குள் இறங்கிவிடு, தானாக நின்றுவிடுவாய் என்றார். எனக்கு ரப்பரைவிடப் புல்தான் சுலபமாக வந்தது. நானும் ஒரு நிலக்கரி ஊரில் பிறந்தவள் என்று ஒருநாள் சொன்னேன். உங்கள் ஏரி எவ்வளவு பெரிது என்று கேட்டார். ஏரி இல்லை, இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். கொடுத்து வைத்தவர்கள் என்றார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதற்குப் பொறாமைப்பட்டார், நான் எதற்குப் பொறாமைப்பட்டேன் என்பதை இரண்டு பேருமே விளக்கிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் ஒரு மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஜெர்மனியில் மார்ச் வரை பாதையில் பனி கிடக்கும், அதற்குள் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் பெட்டியில் சாக்லேட்டுக்கு நடுவே இன்லைனரையும் வைத்திருந்தேன். தங்கியது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில், தம்பி சேகர் வீட்டில். அப்பா சுரங்கத்தில் நிரந்தர ஊழியர் என்பதால் நாங்கள் டவுன்ஷிப்பில் பதினெட்டாவது பிளாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அவர் ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். சேகருக்கு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான் கிடைத்தது. இருபத்தோரு வருடமாக அதே வேலை.

நான் போய் இறங்கிய வாரம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிரந்தரம் செய்யப்படுவோர் பட்டியலில் சேகரின் பெயர் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. ரத்த அழுத்தம் ஏறிவிடக் கூடாதென்று அவன் மனைவி வள்ளி பத்து நாளாகக் குழம்பில் உப்பைப் பாதியாக்கியிருந்தாள். டீ கிடையாது, ஊறுகாய் கிடையாது. யாராவது தும்மினால்கூட அவனைத் திண்ணையும் இல்லாத அந்தச் சின்ன வீட்டில் பின்கட்டுக்கு விரட்டினாள். நாற்பத்தேழு வயது ஆள் பத்தாம் வகுப்புப் பையனைப்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். என் சக்கரக் காலணியைப் பார்த்ததும்தான் முதல்முறையாகச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அக்கா, திங்கக்கிழம மெடிக்கல். அது முடியற வரிக்கும் மெயின் ரோட்டுப் பக்கம் இத மாட்டிக்கினு வராத. நீ எங்கனா வுழுந்து வச்சா என்னால ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது."

சரி என்றேன். வடக்குத்துத் தெருக்கள் குண்டும் குழியுமாக இருந்ததால் ஆட்டோ பிடித்து டவுன்ஷிப்புக்குப் போய், பிளாக்குகளின் உள் தெருக்களில் மட்டும் ஓட்டினேன். இரண்டு நாள் அப்படித்தான் போனது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் துணி காயப்போட்டிருந்த பெண் என் காலைப் பார்த்தாள், குட்டையாக வெட்டிய என் தலை முடியைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை மதியம் தெருமுனையில் நின்று மெயின் ரோட்டைப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. நிழல் விழுந்த நீளமான தார்ச் சாலை. ஏரிப்பாதையும் மதியம் இப்படித்தான் காலியாக இருக்கும், எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். ஒரே ஒரு தடவை அந்தக் கோடி வரை போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சேகருக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. இருந்தும் இறங்கினேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது நேரம் ஒன்றே கால். நெய்வேலியில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்த நேரத்துக் காலிச் சாலையை நம்பாது. இரண்டு மணி ஷிப்ட்டுக்கு ஆட்கள் புறப்படுவதற்கு முந்தைய அமைதி அது. அந்த நேரத்தில் சைக்கிளை எடுத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். முப்பது வருடத்தில் என் உடம்பு அதை மறந்துவிட்டது.

கோடியில் திரும்பி வேகம் பிடித்தபோது எதிரே முதலில் நாலைந்து பைக்குகள் வந்தன. பிறகு பத்து, இருபது. அவற்றுக்குப் பின்னால் ஷிப்ட் பஸ். ஹாரன் சத்தத்தில் நான் எந்தப் பக்கம் போகிறேன் என்றே தெரியவில்லை. குதிகாலை அழுத்தினேன். தேய்ந்துபோன ரப்பர் கீச்சிட்டதே தவிர நிற்கவில்லை. புல்லைத் தேடினேன். சாலை ஓரத்தில் புல்லே இல்லை, செம்மண்ணும் சரளையும்தான். வலதுபக்கம் ஓட்டும் ஊரின் பழக்கம் கால்களை இழுத்துக்கொண்டு போய், வருகிறவர்களுக்கு நேர் எதிரே விட்டது. பஸ்ஸுக்கு முன்னால் வந்த பைக்கில் இருந்தவன் சேகர். என்னைப் பார்த்துவிட்டான். நேரே வந்தால் என்மேல் ஏற வேண்டும், உள்பக்கம் ஒடித்தால் பஸ்ஸுக்கு அடியில் போக வேண்டும். அவன் வண்டியை இடதுபக்கச் சரளையில் இறக்கினான். நான் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து நின்று திரும்பிப் பார்த்தபோது வண்டி கிடந்தது. அவன் வலது கை அதன் கீழே இருந்தது.

காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மணிக்கட்டு அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. இப்போதே மருத்துவமனைக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். அவன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டி இறுக்கிக் கட்டச் சொன்னான்.

"சேகரு, எலும்பு முறிஞ்சிருக்கும்டா."

"முறிஞ்சிருந்தா திங்கக்கிழம தெரியும். ஷிப்ட்டுக்கு லேட்டாவுது, வுடு."

அந்த நாலு நாளும் அவன் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வள்ளி மட்டும் அன்றிரவிலிருந்து குழம்பில் உப்பைப் பழையபடி போட ஆரம்பித்தாள். அது எனக்கு நன்றாகவே உறைத்தது.

திங்கட்கிழமை நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு மணி நேரம் கழித்துக் கையில் மாவுக்கட்டோடு வந்தான். ரத்த அழுத்தம், கண், காது எல்லாம் சரி. மணிக்கட்டில் மட்டும் விரிசல். ஆறு வாரம் கழித்துக் கை முழுதாக மடங்கினால் தகுதிச் சான்று, மடங்காவிட்டால் சொல்ல முடியாது என்றார்களாம். நான் இதை எழுதும்போது இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகும் தினமும் வீடியோவில் கூப்பிட்டு விரல் மடங்குகிறதா என்று கேட்கிறேன். தொலைபேசிக்கு முன்னால் மெதுவாக மடக்கிக் காட்டுகிறான். சுண்டு விரல் இன்னும் பாதியில் நிற்கிறது.

அந்தத் திங்கட்கிழமை மருத்துவ ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்.

"எப்டி ஆச்சுன்னு டாக்டர் கேட்டாரு. வெளியூர்க்காரங்க யாரோ ரோட்டுல குறுக்க வந்துட்டாங்கன்னு சொன்னேன். எழுதிக்கினாரு. உம்பேரு வந்தா உன்ன வேற கூப்பிட்டுக் கேப்பாங்க."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான், எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இறங்கியவள் உள்ளூர்க்காரியாக எப்படி இருக்க முடியும்? தெரிந்து சொன்னானோ தெரியாமல் சொன்னானோ, அவன் பொய் சொல்லவில்லை.

அவனால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் பஸ் ஏறினோம். உள்ளே நல்ல கூட்டம். சேகரோடு வேலை செய்கிறவர் ஒருவர் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, கூட யாரு என்று கேட்டார்.

"எங்க அக்கா. பதினெட்டாவது பிளாக்கு. இங்கியே பொறந்து வளந்தவங்க," என்றான் சேகர்.

அவர் உடனே எழுந்து, "ஒக்காருங்கக்கா, நம்ம ஊரு புள்ளயா நீங்க," என்று எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். மடியில் சேகரின் ஃபைல் இருந்தது. அதில் நான் வெளியூர்க்காரி.